போனில் "பரவாயில்லை" என்கிறார் நோயாளி: அதை நம்பலாமா?

வாசகர் கேள்வி: சில சிறிய கிளினிக்குகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். கோவிட் வந்தபோது ஒரே வாரத்தில் எல்லா மருத்துவர்களையும் போனில் நோயாளிகளைப் பார்க்கச் சொன்னோம். பயிற்சியும் இல்லை, முறையும் இல்லை. எங்கள் செவிலியர் ஒருவர் வீட்டுத் தனிமையில் இருந்த ஒரு முதியவரிடம் தினமும் பேசினார். தினமும் "பரவாயில்லம்மா" என்றே அவர் சொன்னார். ஐந்தாம் நாள் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் போனபோது நினைவில்லாமல் கிடந்தார், பிழைக்கவில்லை. அந்தச் செவிலியர் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. அடுத்த பெருந்தொற்றுக்குள் தொலைமருத்துவத்தை ஒழுங்காக அமைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு இப்போது கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. டாப்லெட்டும் வீடியோ செயலியும் வாங்கலாம் என்பது பலர் கருத்து. மூத்த மருத்துவர்கள் சிலரோ "தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அந்தச் செவிலியரிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் விடை அந்த ஐந்து நாட்களுக்குள்தான் இருக்கிறது.

அந்த முதியவர் அநேகமாகப் பொய் சொல்லவில்லை. நமக்கு மூச்சு முட்டுகிற உணர்வைப் பெரும்பாலும் தூண்டுவது ரத்தத்தில் கரியமில வாயு சேர்வதுதான். ஆக்சிஜன் குறைவது அந்த அளவுக்குத் தூண்டுவதில்லை. கோவிட் நுரையீரல் அழற்சியில் பலருக்குக் கரியமில வாயு தடையில்லாமல் வெளியேறிக்கொண்டே இருந்தது, ஆக்சிஜன் மட்டும் இறங்கியது. அதனால் ஆபத்தான அளவுக்கு இறங்கிய பிறகும் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார். செவிலியரும் கேட்க வேண்டிய நாளெல்லாம் கேட்டிருக்கிறார். பிழை அவர் கையில் இருந்த கேள்வியில். "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு நம்மில் எவரும் மரியாதைக்காகவாவது "பரவாயில்லை" என்றுதான் சொல்வோம். வயதானவர்கள் இன்னும் கூடுதலாக. பிறருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று நினைப்பவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுத்தது நிர்வாகம், அல்லது எதையுமே எழுதிக் கொடுக்காமல் விட்டது நிர்வாகம். இதை நீங்களே அவரிடம் நேரில் சொல்லுங்கள். வேறு யார் சொன்னாலும் அது ஆறுதலாக மட்டுமே கேட்கும். நீங்கள் சொன்னால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகக் கேட்கும்.

இனிக் கேள்வியை மாற்றுவோம். உணர்வைக் கேட்பதை விட்டு, செய்ததைக் கேட்க வேண்டும். "நேற்று செய்த எந்த வேலையை இன்று செய்ய முடியவில்லை?" "படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போய்வர நடுவில் நிற்க வேண்டியிருந்ததா?" "கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எப்போது?" "சிறுநீர் எத்தனை முறை போனது?" இந்தக் கேள்விகளுக்கு மரியாதைக்காகச் சொல்லும் பதில் கிடையாது. அவர் பேசும்போது செவிலியர் வாய் மூடிக் கேட்க வேண்டும்: வாக்கியம் முழுதாக வருகிறதா, நடுவில் மூச்சுக்காக உடைகிறதா, நேற்றைய குரலா இது? கூடவே வீட்டில் இருக்கும் இன்னொருவரிடமும் ஒரு நிமிடம் பேச வேண்டும். நோயாளி பிதற்றுகிறார், அதிகமாகத் தூங்குகிறார் என்பதை அவரே சொல்ல மாட்டார். மனைவியோ மகனோ சொல்வார்கள்.

ஒரே மூச்சில் முப்பது வரை எண்ணச் சொல்லும் சோதனை ஒன்று 2020-இல் பரவலாகப் பேசப்பட்டது. அதை வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். தொலைபேசிவழிப் பரிசோதனைக்கு அது சரிபார்க்கப்படவில்லை என்று அப்போதே முதன்மைப் பராமரிப்பு நிபுணர்கள் எச்சரித்தார்கள்.

அடுத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். உங்கள் குழு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2020 நவம்பரில் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்கு ஆக்சிமீட்டரை வீட்டுக்கே கொடுத்துத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் திட்டத்தை நாடு முழுதும் விரிவாக்கியது. 95 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டிலேயே தொடரலாம். 93, 94 என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் உடனே மருத்துவமனை. நீண்ட நாள் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கலாம் என்பதால் அவர்களுக்கென்று தனி எல்லையை மருத்துவர் முன்கூட்டியே குறித்துவைக்க வேண்டும்.

இந்தக் கருவிக்கும் குறைகள் உண்டு. விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் உட்கார்ந்து, எண் நிலைத்த பிறகு படிக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு குறை நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமானது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீத அளவீடுகளில். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில். கருத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே ஒரு நாளின் எண்ணைவிட, நாளுக்கு நாள் அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். 98, 97, 95 என்று இறங்குகிற ஒருவரை, 95 தானே என்று விட்டுவிடக் கூடாது.

இப்போது அழைப்பின் முதல் அரை நிமிடம். பெயர், வயது, "இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள்?", "இந்த இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது?" இந்த நான்கையும் கேட்காமல் நோயைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் நெஞ்சு வலி என்று என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. எங்கள் பதிவேட்டில் இருந்த முகவரிக்கு ஆம்புலன்ஸை அனுப்பினேன். அவர் அந்த வாரம் தன் சகோதரி வீட்டில் இருந்தார். நல்லவேளை, அவரே வேறொரு போனிலிருந்து மறுபடி அழைத்தார். அந்தப் பதினோரு நிமிடங்களை நான் இன்றும் மறக்கவில்லை. தொற்றுக் காலத்தில் மக்கள் பதிவேட்டில் உள்ள வீட்டில் இருப்பதில்லை. பிள்ளைகள் வீட்டில், தனிமை முகாமில், ஊர் திரும்பும் வழியில் இருப்பார்கள்.

முதல் அரை நிமிடத்தைவிடக் கடைசி இரண்டு நிமிடம் முக்கியம். "ஏதாவது இருந்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவது நம் எல்லோரின் பழக்கம். எது அந்த "ஏதாவது"? நோயாளிக்குத் தெரியாது. குறிப்பாகச் சொல்ல வேண்டும்: "இன்று இரவுக்குள் அளவு 92-க்கு வந்தாலோ, உதடு நீலமானாலோ, எழுப்பினால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ, எங்களுக்குக் கூப்பிட வேண்டாம், நேரே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இது எதுவும் இல்லாவிட்டாலும் நாளை காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுவேன்." சொன்ன பிறகு, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீங்கள் ஒரு முறை சொல்லுங்கள்" என்று அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். போனில் அந்தத் தலையாட்டலும் தெரியாது.

நாளை பத்து மணிக்கு என்று சொன்னால் பத்து மணிக்கு அழைப்பு போயே ஆக வேண்டும். உங்கள் அமைப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும் திரும்ப அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஷிப்டிலும் பெயர் குறித்த ஒரே ஒருவர் பொறுப்பு. பட்டியலில் ஏறிய பெயர், மருத்துவர் கையெழுத்தில்லாமல் இறங்கக் கூடாது. போனை எடுக்காதவருக்கு என்ன செய்வது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பதினைந்து நிமிட இடைவெளியில் மறுபடி ஒரு அழைப்பு. எடுக்காவிட்டால் முதல் நாளே வாங்கிவைத்த உறவினர் எண்ணுக்கு. அங்கும் இல்லை என்றால் ஒரு ஆள் வீட்டுக்குப் போக வேண்டும் அல்லது ஆம்புலன்ஸ் போக வேண்டும். ஐந்தாம் நாள் அந்த முதியவர் எடுக்காதபோது உங்கள் செவிலியர் எவ்வளவு நேரம் தனியாக யோசித்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த யோசனையை ஒரு தாள் அவருக்காகச் செய்து வைத்திருக்க முடியும்.

டாப்லெட் கேள்விக்கு வருகிறேன். வீடியோ பயனுள்ளதுதான். குழந்தை விளையாடுகிறதா துவண்டு கிடக்கிறதா, மூச்சிழுக்கும்போது விலாவுக்கிடையே குழி விழுகிறதா, தோலில் தடிப்பு எப்படி இருக்கிறது, மருந்துப் பெட்டியில் உண்மையில் என்ன மாத்திரை இருக்கிறது, இவை எல்லாம் பார்த்தால்தான் தெரியும். ஆனால் உங்கள் நோயாளிகளில் மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள் வயதானவர்கள். அவர்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். வீடியோ இல்லாமல் நடக்காது என்று ஒரு முறையை அமைத்தால் அவர்களைத்தான் முதலில் வெளியே தள்ளுவீர்கள். போனில் முழுதும் ஓடும் ஒரு முறையை முதலில் அமையுங்கள்; தேவைப்படும் இடத்தில் வீடியோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ உறைந்து நின்றால் உடனே சாதாரண அழைப்புக்கு மாறும் பழக்கம் இருக்க வேண்டும். பேச்சு ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆனாலே ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடத் தொடங்குவார்கள். ஆகவே மருத்துவர் பக்கத்தில் வைஃபையை நம்பாமல் கம்பி இணைப்பு, மைக் உள்ள நல்ல ஹெட்செட், முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு. விலை உயர்ந்த கேமராவைவிட இவை மூன்றும் அதிகம் உதவும்.

மூத்த மருத்துவர்களின் தயக்கத்தை நீங்கள் தடையாகப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் அப்படிப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் செய்யக் கூடாத வைத்தியம் உண்மையாகவே உண்டு. அதன் எல்லையை உங்களிடம் மிகத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அந்த வேலையை அவர்களிடமே கொடுங்கள்: எந்தெந்த நிலையில் போன் பேச்சை நிறுத்திவிட்டு நேரில் வரவழைக்க வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்து எழுதட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, திடீர்க் கடும் வயிற்று வலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று அந்தப் பட்டியல் தொடங்கும். உங்கள் பகுதிக்கு ஏற்றபடி அவர்கள் நீட்டுவார்கள். தாங்கள் வரைந்த எல்லைக்குள் நின்று வேலை செய்ய எந்த மருத்துவரும் தயங்க மாட்டார்.

தொலைவிலிருந்து வைத்தியம் நேற்று முளைத்ததும் இல்லை. குழந்தையின் இருமலைத் தொலைபேசியில் கேட்டு, அது பயப்படும்படியான குரல்வளை அழற்சி இல்லை என்று சொன்ன மருத்துவரைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் 1879-இலேயே செய்தி வந்திருக்கிறது. எனக்கு அதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு ஆர்மீனியா. 1988 டிசம்பர் 7 அன்று அங்கே ஸ்பிடாக் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நாசாவும் சோவியத் அரசும் சேர்ந்து, ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானில் இருந்த மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாக நான்கு அமெரிக்க மருத்துவ மையங்களோடு இணைத்தன. படம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் போனது. குரலும் பேக்ஸும் இரு பக்கமும். அதை வைத்துக்கொண்டு தீக்காயம், எலும்பு, மனநலம் என்று ஆலோசனை நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் ரஷ்யாவின் ஊஃபா நகர் அருகே எரிவாயு வெடித்து ரயில்கள் எரிந்தபோது அதே இணைப்பு அங்கும் நீட்டப்பட்டது.

அங்கே பேசிக்கொண்டவர்கள் மருத்துவரும் மருத்துவரும். இதை உங்கள் குழு கவனிக்க வேண்டும். நெருக்கடியில் சிறிய கிளினிக்கின் மருத்துவருக்கு மிகப் பெரிய உதவி, தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம் "இந்த நோயாளியை என்ன செய்யட்டும்?" என்று கேட்க முடிவதுதான். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டம் இதையே செய்தது: கல்லீரல் அழற்சி சி நோய்க்குச் சிகிச்சை தரக் கிராமப்புற மருத்துவர்களை வாராவாரம் வீடியோவில் நிபுணர்களோடு உட்காரவைத்தது. உங்கள் கிளினிக்குகளுக்குள்ளேயே வாரம் ஒரு மணி நேரம் இப்படி ஒன்றை இப்போதே தொடங்கலாம். மூத்தவர்கள் தலைமை ஏற்கட்டும். பெருந்தொற்று வரும்போது அந்த வாராந்திரக் கூட்டம் தினசரிக் கூட்டமாக மாறிக்கொள்ளும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவசர காலத்தில் விதிகள் தளரும். பிறகு பழையபடி இறுகும். அமெரிக்காவில் 2020 மார்ச் 17 அன்று, வழக்கமான வீடியோ செயலிகளில் நோயாளிகளைப் பார்த்தாலும் அந்தரங்க விதிகளுக்காகத் தண்டிக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். அவசரநிலை 2023 மே 11 அன்று முடிந்தது. மாறிக்கொள்ள 90 நாள் கொடுத்து அந்தச் சலுகையும் முடிந்தது. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள், எந்த மருந்தை எந்த வகை அழைப்பில் எழுதலாம் என்று பட்டியலிட்டு, போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது என்று தடுத்தன. உங்கள் நாட்டில் என்ன விதியோ அதை ஒருவர் படித்து, ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவையுங்கள். சலுகையை நம்பி ஒரு செயலியில் பழகினால், சலுகை போகும் நாளில் எதற்கு மாறுவது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். அழைப்பு எத்தனை மணிக்கு, போனா வீடியோவா, என்ன சொன்னோம் என்பதெல்லாம் நேரில் பார்த்ததைப் போலவே நோயாளியின் கோப்பில் ஏற வேண்டும்.

அந்தரங்கம் நோயாளியின் பக்கத்திலும் இருக்கிறது. ஒரே அறை வீட்டில் கணவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண்ணால் எதைச் சொல்ல முடியும்? "இப்போது தனியாகப் பேச முடியுமா? ஆமாம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்" என்று கேட்கச் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இல்லை என்று பதில் வந்தால் ஒரு காரணம் சொல்லி நேரில் வரவழைக்கலாம்.

வெளி நிதி ஏதாவது தேடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 2020-இல் அவர்களது நாடாளுமன்றம் 20 கோடி டாலர் கொடுத்தது, மருத்துவ நிலையங்கள் இணைய இணைப்பும் கண்காணிப்புக் கருவிகளும் வாங்குவதற்காக. நல்ல திட்டம். ஆனால் முதலில் நீங்கள் வாங்க வேண்டும், பிறகு ரசீது காட்டிப் பணம் பெற வேண்டும். கையிருப்பு இல்லாத சிறிய நிலையங்களுக்கு அதுவே பெரிய சுமை. முதல் சுற்றில் விண்ணப்பம் வர வர நிதி கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றில்தான் குறித்த நாட்களில் எல்லா விண்ணப்பங்களையும் வாங்கி மதிப்பெண் போட்டு ஒதுக்கினார்கள். எந்த நிதியாக இருந்தாலும், பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும், கருவிக்கு மட்டுமா ஆள் சம்பளத்துக்கும் சேர்த்தா என்பதையும் முதலில் கேளுங்கள். திரும்ப அழைக்கும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவரின் சம்பளத்தை எந்த நிதியும் பெரும்பாலும் தருவதில்லை. அதனால்தான் உங்கள் சொந்தப் பணத்தை டாப்லெட்டில் போடாமல் அவருக்காக வைத்திருக்கச் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதி அலமாரியில் வைத்தால் வீண். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு அரை நாள், முன்னறிவிப்போடு, கிளினிக் முழுவதும் போனிலேயே ஓடட்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம் என்று நிலையாக இருக்கும் நோயாளிகளை அன்றைக்கு வையுங்கள். இணைப்பு எங்கே அறுகிறது, யாருடைய போன் எண் பதிவேட்டில் பழையதாக இருக்கிறது, காது மந்தமானவருக்கு என்ன செய்வது என்பதெல்லாம் அந்த அரை நாளில் தெரிந்துவிடும். என் அனுபவத்தில் முதல் ஒத்திகையில் அதிகம் கண்டுபிடிக்கப்படும் குறை, தவறான போன் எண்கள்.

தினசரி அழைப்புக்கான கேள்வித் தாளை எழுதும் பொறுப்பை, அவருக்கு விருப்பம் இருந்தால், அந்தச் செவிலியரிடமே கேட்டுப் பாருங்கள். வற்புறுத்த வேண்டாம். முதியவர்கள் "பரவாயில்லம்மா" என்று சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்பது உங்கள் கூட்டமைப்பில் அவரைவிட யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழுதினால் முதல் வரைவை எனக்கும் அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.